திருவொற்றியூரில் பாட்டி சொன்னதும் பேத்தி கேட்டதும்

லீவு நாள் என்றால் சென்னைக்காரர்கள் ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம்தான் கிளம்புவார்கள். வடக்கே போகலாம் என்றால் "கன்டெய்னர் லாரிக்கு நடுவிலயா?" என்பார்கள். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. ஆலந்தூரில் ஏறினால் மாறவே வேண்டாம், நேரே திருவொற்றியூர் தேரடி. அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் என்று குடும்பமாகக் கிளம்பினோம்.

காலடிப்பேட்டை ஸ்டேஷன் வந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் காஞ்சி வரதரைச் சேவிக்கப் போய் தினமும் லேட்டாக வருவாராம். துரை சோதித்துப் பார்க்க, காஞ்சியில் அந்த நேரம் நடந்ததை இவர் இங்கிருந்தே சரியாகச் சொன்னாராம், அசந்துபோன துரை இங்கேயே வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தாராம். "லேட்டா போனா கோயிலே கட்டித் தருவாங்களா?" என்று கேட்டான் மகன்.

தியாகராஜர் கோயிலுக்குள் போனால் எல்லோரும் நேராகச் சன்னிதிக்கு ஓடுவார்கள். நீங்கள் மூலவர் விமானத்தின் பின்பக்கம் வாருங்கள். யானையின் முதுகு போல வளைந்து போகும் கருங்கல் விமானம், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து வேலை. கட்டிய தச்சரின் பெயர்கூட கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய எழுத்துகளில் ஒரு 'ப'வும் 'ட'வும் மட்டும் மகளுக்குப் பிடிபட்டன, அதற்கே குதித்தாள். மூலவர் ஆதிபுரீசுவரரை ஆண்டு முழுக்கக் கவசத்தோடுதான் பார்க்க முடியும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து புனுகு சாத்துவார்கள்.

மகிழ மரத்தடியில்தான் பெரிய சண்டை. சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை என்று ஒரு மனைவி ஏற்கெனவே உண்டு. இங்கே சங்கிலியை மணக்க, 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோமே என்று, 'அந்த நேரம் நீங்கள் மகிழடிக்குப் போய்விடுங்கள்' என்று சிவனிடமே சொல்லி வைத்தார். சிவன் சரி என்றுவிட்டு, சங்கிலியின் கனவில் போய் 'மகிழடியில் சத்தியம் வாங்கு' என்று சொல்லிவிட்டார். சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்து, பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று.

"ரெண்டு பக்கமும் பேசினா அது போங்காட்டம் இல்லையா பாட்டி?" என்றாள் மகள்.

"சிநேகிதன்னாலும் பொண்ணு பக்கம்தானே நின்னார்" என்றாள் அம்மா. மாசித் திருவிழாவில் இதை மகிழடி சேவை என்று இன்றும் நடத்துகிறார்கள்.

எனக்கு இந்த ஊர் பிடித்ததே இதனால்தான். இங்கே சாமிகள் அசுரனை வதம் செய்வதைவிட வீட்டு வேலைதான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். கம்பர் ராத்திரியில் ராமாயணம் எழுத வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடித்தாளாம். பசியோடு திண்ணையில் படுத்திருந்த வள்ளலாருக்கு வடிவுடையம்மன் அண்ணி வேஷத்தில் வந்து சோறு போட்டாளாம். அந்த அம்மனைத்தான் அவர் வடிவுடை மாணிக்க மாலையில் பாடினார்.

மதியம் நடை சாத்துவதற்குள் வெளியே வந்து, கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்குப் போனோம். ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று ஊர் ஊராகச் சுற்றிய பட்டினத்தாருக்குக் கரும்பு இனித்தது இங்கேதானாம். திரும்பும் வழியில் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்த மகன், "பாட்டி, எனக்கும் இனிக்குது!" என்று கத்த, "வாயைக் கழுவுடா முதல்ல!" என்று அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.