கல்லைப் பேச வைத்த மனுஷன்

தொல்லியல் அறிஞர் ராக்கால்தாஸ் பானர்ஜி என்றால் நமக்கு மொகஞ்சதாரோதான் ஞாபகம் வரும். 1922இல் பௌத்த ஸ்தூபி இருந்த மேட்டைத் தோண்டப் போய், அதைவிடப் பல நூற்றாண்டு பழைய முத்திரைகளோடு வந்தவர். அவரேதான் வங்காளியில் சரித்திர நாவல்களும் எழுதித் தள்ளியவர் என்பது நம் பக்கம் பலருக்குத் தெரியாது. ஒரு பக்கம் வங்க வரலாறு, வங்காள எழுத்தின் தோற்றம் என்று கறாரான ஆய்வு, இன்னொரு பக்கம் பழைய வங்கத்துக் கௌட அரசன் சசாங்கனை நாயகனாக்கி நாவல்.

எனக்குப் பிடித்தது, மத்தியப் பிரதேசத்து பார்ஹுத் பௌத்த ஸ்தூபியின் கல் ஒன்று தன் கதையைத் தானே சொல்வதாக அவர் எழுதியதுதான். அந்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த செந்நிறக் கல்வேலி கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் கொடுத்த தூண் என்று சிற்பத்துக்குப் பக்கத்திலேயே பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஆளுக்கு, கல் பேசுவதாக எழுதுவது அப்படியொன்றும் பெரிய கற்பனையாக இருந்திருக்காது, இல்லையா?

கொடுமை என்னவென்றால், நாவல்கள் பெரும்பாலும் அவர் காலத்திலேயே அச்சாகிவிட்டன. மொகஞ்சதாரோ அறிக்கை ஆகவில்லை. 1924இல் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது அப்போதைய தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல். பானர்ஜி 1930இல், 45 வயதில் போய்விட்டார். அறிக்கை புத்தகமாக வந்தது 1984இல்!

அப்புறம், அந்தக் கல்லின் கதை தமிழில் வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுவேன்.