பச்சைப் புள்ளி: கடலூர் நாட்குறிப்பு

நவம்பர் 9, 2020
கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை. அம்மாவின் தையல் மிஷின் மேல் பலகை போட்டு லேப்டாப்பை வைத்து எட்டு மாதம் ஆகப்போகிறது. மேலாளர் கணக்கு கேட்கும்போதெல்லாம் என்னை அறியாமல் கீழே மிதிக்க ஆரம்பித்துவிடுகிறேன், பெல்ட் கழற்றிய சக்கரம் சும்மா சுற்றுகிறது. இன்று மீட்டிங்கில் "யார் வீட்டில் என்ன சத்தம்?" என்றார்கள். மைக்கை அணைத்தேன். கால் நிற்கவில்லை.

நவம்பர் 11
குளிக்கப் போனாலும் அம்மாவை மவுஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறேன். ஐந்து நிமிடம் கை படாவிட்டால் ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் "இருக்கீங்களா?" என்று ஒரு வரி வரும். சென்னையில், வேளச்சேரி ஆபீஸில் இருந்தபோது டீ குடிக்க இருபது நிமிடம் கீழே போவோம், நாற்காலியில் பை தொங்கினாலே ஆள் இருக்கிறாள் என்று தெரியும், யாரும் கேட்டதில்லை. அம்மா பூ கட்டிக்கொண்டே ஒரு விரலால் மவுஸை நகர்த்துகிறாள். அவளை இதற்குப் பழக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 14
தீபாவளி. ஆபீஸிலிருந்து மூன்று போன்.

நவம்பர் 17
கண் எரிச்சல். மஞ்சக்குப்பத்தில் டாக்டரைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை, இருபது நொடி பார்க்கச் சொன்னார். என் அறையே பத்தடி. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்க்கிறேன். தூக்கம் எப்படி என்றார். நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்?

நவம்பர் 19
தோழி ஒரு கட்டுரை அனுப்பினாள். வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக. அப்படியென்றால் என்ன காரணம் எழுதி நான் லீவு கேட்பது? ராத்திரி முழுக்க இதே யோசனை.

நவம்பர் 24
நிவர் புயல் வருகிறது. மதியம் ஒரு மணியோடு பஸ் நிறுத்தம். அப்பா காலையிலிருந்து 'தானே' புயலைப் பற்றியே பேசுகிறார். 2011 டிசம்பர் 30, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தது, கரண்டுக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்தது. மீட்டிங்கில் பேக்கப்புக்கு என்ன ஏற்பாடு என்று மூன்று முறை கேட்டார்கள். வீட்டில் எல்லாரும் பத்திரமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

நவம்பர் 26
ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்ததும் அம்மா பக்கத்தில் பாயில் படுத்தவள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன். எத்தனை மாதம் ஆயிற்று இப்படித் தூங்கி. ஜன்னலைத் திறந்தால் தென்னை பாதியில் முறிந்து கிடக்கிறது. அழுதுவிட்டேன், மரத்துக்காகவா என்று தெரியவில்லை.

நவம்பர் 27
கரண்ட் வந்தது. 64 செய்திகள். முதல் செய்தி "இருக்கீங்களா?", புயலடித்த ராத்திரி 11.40-க்கு.

டிசம்பர் 3
அடுத்த புயல், புரெவி. மழை விடவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நான்கே வரி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதைச் சொல்றதுக்கா பாப்பா இவ்வளவு நாள்?" என்றாள்.

டிசம்பர் 4
நாலரைக்கு மீட்டிங். மிஷினிலிருந்து பலகையை எடுத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். தாள் பக்கத்தில்.