50 கிராம் அதிகாரி

கூண்டுக்குள் கையை விட்டதும் லவ்பேர்ட் என்கிற குட்டிக் கிளி கடிக்கிறது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். கூடவே “ஆ!” என்று ஒரு அலறல். இந்த மூன்று நொடியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்து முடிந்துவிட்டது. கடித்தால் கை ஓடிப்போகும், சத்தமும் வரும், பொழுதும் போகும் என்பது பாடம். வாத்தியாரின் எடை சுமார் 50 கிராம். மாணவர் நாம்தான்.

லவ்பேர்டைப் பழக்குவது என்றால் இந்த வகுப்பில் இடம் மாறி உட்காருவது. எதையாவது செய்த அடுத்த ஓரிரு நொடியில் தனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் அது மனதில் வைத்துக்கொள்ளும். நம் நல்லெண்ணமெல்லாம் அதன் கணக்கில் ஏறாது.

வந்த முதல் சில நாட்கள் சாப்பாடும் தண்ணீரும் வைப்பதற்கு மட்டும் கை உள்ளே போகட்டும். கூண்டு நம் கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, ஆள் நடமாட்டமுள்ள அறையில் இருக்க வேண்டும். சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் ஆவி நம் மூக்குக்கே தெரியாது, பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருந்தால் போதும். அதையே முறைத்துப் பார்க்கக் கூடாது. இரையைப் பார்க்கிற பார்வை அப்படித்தான் இருக்கும். நாம் அருகில் இருக்கும்போதே அது கிண்ணத்தில் தலையை விட்டுச் சாப்பிட ஆரம்பித்தால் முதல் தேர்வில் நாம் தேறிவிட்டோம்.

அடுத்தது லஞ்சம். தினைக் கதிர்தான் பெரும்பாலான லவ்பேர்டுகளின் பலவீனம். முதலில் நீளமான கதிராகக் கம்பி வழியே நீட்டுங்கள், கை தூரத்தில் இருக்கும். நாளாக ஆக கதிரைக் குட்டையாக்கினால், அலகு விரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, அதே கதிரைக் கூண்டுக்குள்ளும் தொங்கவிட்டு வைப்பது. சும்மா கிடைக்கிற சம்பளத்துக்கு யார் வேலை செய்வார்கள்? பயிற்சிக்கு என்று ஒதுக்கிய தீனி கிண்ணத்தில் இருக்கக் கூடாது. அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. இந்தச் சின்ன உடம்பு பசி தாங்காது. காலையில் கிண்ணத்தை நிரப்புவதற்குச் சற்று முன்பு ஐந்து நிமிடம், பிறகு பகலில் ஓரிரு முறை அதே ஐந்து நிமிடம். அதற்கு இன்னும் ஆர்வம் இருக்கும்போதே வகுப்பை முடித்துவிட வேண்டும்.

இனி விரலில் ஏற்றுவது. இதைக் கூண்டுக்கு வெளியே செய்வது நல்லது. சாந்தமான பறவைகூட, குறிப்பாகப் பெண் பறவை, கூண்டுக்குள் நுழையும் கையை அத்துமீறி வந்த ஆளாகத்தான் பார்க்கும். ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டி, கால்களுக்குச் சற்று மேலே அடிவயிற்றோடு சேர்த்து மெதுவாக வைத்து, “ஏறு” என்று சொல்லுங்கள். முதலில் வருவது கால் அல்ல, அலகு. இங்கேதான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். கிளி இனத்துக்கு அலகு மூன்றாவது கால். ஏறப்போகிற கிளை தன்னைத் தாங்குமா என்று கவ்விப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் விரலை இழுத்தால், இந்தக் கிளை நம்பக்கூடியதல்ல என்று முடிவு கட்டிவிடும். அடுத்த முறை கிளை ஓடிவிடாதபடி கெட்டியாகப் பிடிக்கும். நாம் அதற்குக் கடி என்று பெயர் வைப்போம். விரல் அசையாமல் இருந்தால் அலகு விலகும், ஒரு கால் வரும், அடுத்ததும் வரும். இரண்டாவது கால் பட்ட நொடியில் தினை.

நிஜமான கடி அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வரும். இறகுகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், உடல் முன்னால் சாயும், அலகு பாதி திறக்கும். இதைப் பார்த்ததும் கையை நிதானமாகப் பின்வாங்கிக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மீறிக் கடித்துவிட்டால் கத்துவது, உதறுவது, முகத்தில் ஊதுவது எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நாற்காலியிலோ மேசையிலோ இறக்கிவிட்டுப் பத்து நொடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடிக்கும்போதெல்லாம் தண்டனை என்று கூண்டில் கொண்டுபோய் விடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதற்கே கூண்டுக்குப் போக ஆசை வந்திருந்தால், கடி என்பது டாக்சி கூப்பிடும் முறை.

பறந்துபோய்த் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்துகொண்டால் துண்டை எடுத்துக்கொண்டு துரத்துவதைவிட டார்கெட் குச்சி நல்லது. ஒரு மெல்லிய மரக்குச்சி போதும். முதலில் கீழேயே பழக்க வேண்டும்: குச்சி நுனியை அலகால் தொட்டால் உடனே நம்மிடமிருந்து ஒரு ‘டிக்’ சத்தம், பிறகு ஒரு தினை. குச்சியை விரலளவு தள்ளி வைத்தால் ஒரு அடி நடந்து வரும். பிறகு இரண்டடி. இது ஊறிவிட்டால் உச்சாணியில் இருக்கும் அதிகாரியைக் குச்சி காட்டியே இறக்கலாம். துண்டு போட்டுப் பிடித்தாலோ சேர்த்துவைத்த நம்பிக்கை ஒரே மதியத்தில் காலி.

கொஞ்சம் பழகியதும் தோளுக்கு இடம் மாறும். அங்கிருந்து காதணி, கழுத்து மச்சம், சட்டைப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும். சொன்னவுடன் இறங்கும் பறவைக்கு மட்டும்தான் தோள். லேப்டாப் திறந்திருந்தால் விசைகளின் ஓரத்தில் அலகை நுழைத்து நெம்பும். ஒன்று கழன்றுவிட்டால் அந்தச் சின்ன ‘டக்’ சத்தமே அதற்குப் பரிசு, அடுத்த விசை நிச்சயம். காகிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரோஜா நிற முகமுள்ள இனத்தின் பெண் பறவை காகிதத்தின் விளிம்பைத் தையல் மெஷின் போல வரிசையாகக் குத்திக்கொண்டே போய், ஒரே அகலத்தில் நீளமாகக் கிழித்து, முதுகின் பின்புற இறகுக்குள் செருகிக்கொள்ளும். கூடு கட்டுகிற சாமான் அது. எழுத்து இல்லாத வெறுங்காகிதமும் சாயம் பூசாத மென்மரத் துண்டும் கொடுத்துவைத்தால் முக்கியமான காகிதங்கள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு மட்டும்தான்.

தடவிக் கொடுப்பது தலையிலும் கன்னத்திலும் மட்டும். முதுகையும் வாலடியையும் தடவினால் பறவைக்கு அது இணைசேரும் அழைப்பு. தலையை மேலும் கீழும் ஆட்டி, விழுங்கிய தீனியைக் கக்கி நம் விரலில் அன்போடு வைத்தால் விஷயம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜோடி இல்லாத பெண் பறவைகூட முட்டையிடும். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே துணிக்கூடாரம், பெட்டி, இழுப்பறை மாதிரி இருட்டு மூலைகளுக்கு அனுமதி இல்லை. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கட்டும். தூக்கம் குறைந்த லவ்பேர்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர் முதலுதவிப் பெட்டியை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

கூப்பிட்டால் பறந்து வருவதை ஒரு சாண் தூரத்தில் தொடங்குங்கள். பிறகு ஒரு முழம், பிறகு அறையின் மறுமூலை. மின்விசிறி நிற்க வேண்டும், ஜன்னல் மூடியிருக்க வேண்டும், கண்ணாடிக்குத் திரை, தண்ணீர் வாளிக்கு மூடி. வந்தால் தினை, உடனே மறுபடி விடுதலை. கூப்பிடும்போதெல்லாம் கூண்டில் அடைத்தால், நான்காவது அழைப்புக்கு அலமாரி மேலிருந்து அது நம்மை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, அறையை விட்டுப் போனதும் கிளம்பும் அந்தக் கூச்சல். “சும்மா இரு!” என்று திரும்பி ஓடி வந்தீர்களானால் கூச்சலுக்குக் கூலி கொடுத்துவிட்டீர்கள். கூட்டத்தில் வாழும் பறவை, ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்பது அது. கத்த ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து அறையிலிருந்து ஒரு சின்ன விசில் கொடுங்கள். மெல்லிய ‘கீச்’ வந்தால் விசிலால் பதில் சொல்லுங்கள், அமைதியாக இருக்கும்போது திரும்பி வாருங்கள். சில வாரங்களில் கூச்சல் குறையும், விசிலுக்கு விசில் வர ஆரம்பிக்கும். எந்த விசில் என்பதை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நல்ல பராமரிப்பில் லவ்பேர்ட் 10 முதல் 15 வருடம் வாழும்.