ஜேமீட்டர் லோட் டெஸ்டில் ஆர்டர் எண்களைக் கோப்பில் சேர்த்த அனுபவம்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டெஸ்டிங் குழுவில் பாதிப் பேர் ஓசூரிலிருந்து வந்துபோகிறவர்கள். டெஸ்ட் பிளான் பேச்செல்லாம் தமிழில்தான். ஜேமீட்டர் என்பது பல பயனர்கள் ஒரே நேரத்தில் வருவதுபோல சர்வர்மேல் லோடு போட்டுப் பார்க்கும் மென்பொருள். வேலை இது: ஆர்டர் போடும் டெஸ்டில் சர்வர் தரும் ஆர்டர் எண்களைக் கோப்பில் பிடித்து, அவற்றைக் கொண்டே ரத்து செய்யும் டெஸ்டை ஓட்ட வேண்டும். 100 திரெட் (ஒவ்வொன்றும் ஒரு போலிப் பயனர்), தலைக்கு 20 சுற்று, ஆக 2,000 வரி.

சர்வரின் பதிலிலிருந்து எண்ணை எடுத்து வேரியபிளில் வைக்கும் எக்ஸ்ட்ராக்டருக்குக் கீழே, ஸ்கிரிப்ட் ஓட்டும் ஜேஎஸ்ஆர்223 போஸ்ட் ப்ராசஸரை வைத்து, க்ரூவி மொழியில் கோப்பின் கடைசியில் வரி சேர்ப்பதுதான் பலரும் சொல்லும் வழி. ஒரு திரெட்டில் பிசகாமல் ஓடும். 100 திரெட் ஒரே கோப்பில் கைவைத்தால் இரண்டு எண்கள் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் எழுதும்படி பூட்டுப் போட்டால் ஒட்டாது. ஆனால் திரெட்டுகள் எழுதுவதற்காகக் காத்து நிற்கும், சர்வர்மேல் விழ வேண்டிய லோடு குறையும்.

அதனால் எழுதுவதை ஜேமீட்டரிடமே விட்டோம். ஜேமீட்டரின் 'பின்' (bin) ஃபோல்டரிலுள்ள யூசர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் 'சாம்பிள்_வேரியபிள்ஸ்' என்பதற்கு வேரியபிள் பெயரைக் கொடுத்து, ஜேமீட்டரை மூடித் திறக்க வேண்டும். ஆர்டர் ரிக்வெஸ்டுக்கு அடியிலேயே, முடிவுகளைக் கோப்பில் எழுதும் சிம்பிள் டேட்டா ரைட்டர். எல்லா ரிக்வெஸ்டுகளுக்கும் பொதுவான திரெட் குரூப் மட்டத்தில் வைத்தால் லாகினுக்கும் ஒரு வரி விழும். சிஎஸ்வியின் கடைசி நெடுவரிசையில் ஆர்டர் எண் வந்துவிடும்.

வரி 2,000 சரியாக இருந்தும் நம்பாதீர்கள். ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் எக்ஸ்ட்ராக்டரில் டிஃபால்ட் வேல்யூ காலியாக இருந்தால், பொருத்தம் கிடைக்காத சுற்றில் வேரியபிள் மாறாது. முந்தைய சுற்றின் எண்ணே மறுபடி எழுதப்படும். தோற்றுப்போன ஆர்டர் வெற்றி பெற்றதுபோலத் தெரியும், பார்வைக்குப் பிடிபடவே படாது. டிஃபால்டில் 'கிடைக்கவில்லை' மாதிரி ஒரு சொல் கட்டாயம் போடுங்கள். எண்களை வரிசைப்படுத்தி இரட்டிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. 17 இலக்க எண்ணின் கடைசி இரண்டும் பூஜ்யமாகிவிடும்.

ரத்து டெஸ்டுக்குக் கடைசி நெடுவரிசையை மட்டும் தனிக் கோப்பாக வெட்டி, தலைப்பு வரியையும் 'கிடைக்கவில்லை' வரிகளையும் எடுத்துவிட்டு, கோப்பை வரிவரியாகப் படித்துத் தரும் சிஎஸ்வி டேட்டா செட்டில் கொடுத்தோம். அங்கே கோப்பு முடிந்ததும் ரீசைக்கிள் ஃபால்ஸ், ஸ்டாப் திரெட் ட்ரூ. இல்லையென்றால் முதல் வரியிலிருந்து மறுபடி படித்து, ஏற்கெனவே ரத்தான ஆர்டரையே ரத்து செய்யப் போகும்.