மூக்கில் கரண்டு (ரேடியேஷன்) வைப்பதற்கு முன்: பயாப்சிக்கு முன்னாலேயே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்

பெரியவருக்கு 80 வயது. மூக்கு மடிப்பில் ஆறாத புண். பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று. அறுத்தால் மூக்கோரத்தை ஒட்டுத்தோல் வைத்துக் கட்டவேண்டும், இதயமும் பலவீனம் என்று ரேடியேஷனுக்கு எழுதினார்கள். தோல் புற்றுக்கு அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்: வயதானவர்கள், மூக்கு, கண்ணிமை, உதடு, காது. இளவயதுக்காரர்களுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். கதிர் பட்ட தோல் வருஷங்கள் கழித்து வெளுத்து மெலியும், அங்கேயே வேறு புற்று வரவும் வாய்ப்புண்டு.

பயாப்சி (சோதனைக்குச் சதை எடுப்பது) செய்தபோதே புண்ணை முக்கால்வாசி சுரண்டிவிட்டார்கள். ரேடியேஷன் டாக்டர் பார்த்தபோது வெறும் தழும்பு. "கட்டி எதுவரை இருந்தது?" குறிப்பிலும் இல்லை, அளவும் இல்லை. விளிம்பு தெரியாவிட்டால் கதிர் படும் இடத்தை அகலமாகத்தான் குறிக்கவேண்டும், பக்கத்திலேயே கண். அதனால் பயாப்சிக்கு முன்பே, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் போனில் எடுத்து வையுங்கள்.

அடுத்த அலைச்சல் லேபில். 'பேசல் செல்' என்று ஒரே வரியில் ரிப்போர்ட். ஆழம், எந்த வகை, நரம்போரம் பரவியிருக்கிறதா, எதுவுமில்லை. மறுபடி பார்க்க, எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக் வேண்டும். லேபில் ஸ்லைடை நீட்டி அனுப்பப் பார்ப்பார்கள். பயாப்சி நம்பர் போட்ட டாக்டர் கடிதத்தோடு போனால்தான் பிளாக் கிடைக்கும். அதை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

முகம் அசையாமலிருக்க மாஸ்க், கதிர் படும் இடத்தை முன்கூட்டியே குறிக்கும் சிமுலேஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. 20 தடவையில் மொத்தம் 55 கிரே (கதிரின் அளவு), வாரம் 5 நாள், எலக்ட்ரான் கதிர். எலக்ட்ரான் தோலின் மேற்பரப்பில் முழு அளவு விழாது. அதற்காக மேலே 'போலஸ்' என்ற ஜெல் பட்டை வைப்பார்கள். மூக்கின் நடுத்தண்டைக் காக்க துவாரத்துக்குள் மெழுகு பூசிய ஈயத்துண்டு. ஒருநாள் போலஸ் இல்லாமலே கதவைச் சாத்தப் போனார்கள். "மேலே வைக்கிறதை வைக்கலையேப்பா" என்று பெரியவரே நிறுத்தினார். நோயாளியிடம் முதல் நாளே இரண்டையும் காட்டிச் சொல்லி வைப்பது நல்லது.

மெஷின் ரிப்பேர் என்றால், விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுக்கு இடைவெளி நீள்வது ரொம்பக் கெடுதல்.

தோல் சிவந்து பொருக்கு கட்டுவது சிகிச்சை நடக்கும்போதே ஆரம்பித்து, முடிந்தபின்தான் உச்சத்துக்குப் போகும். பயந்து மஞ்சளோ வேப்பெண்ணெயோ தடவாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். சாதாரணமாக 4 முதல் 6 வாரத்தில் ஆறும். கதிர் பட்ட இடத்தில் மீசை முளைக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெரியவர் இன்னமும் அதற்குத்தான் டாக்டரைத் திட்டுகிறார்.