புனலூர் காகித ஆலைக்குள் ஒரு நடை

செங்கோட்டையில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கிற எனக்குத் தாள் என்பது ரீம் ரீமாக வந்து இறங்குகிற சரக்கு. அது எப்படி உருவாகிறது என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற புனலூர் காகித ஆலை மூடிக் கிடந்த காலத்தில் அது நிறைவேறியது. ஓடாத ஆலையில் என்ன தெரியும் என்று வீட்டில் கேட்டார்கள். ஓடாததால்தான் அவ்வளவு பக்கத்தில் போய் நிற்க முடிந்தது.

1888-ல் தொடங்கிய ஆலை, 1987-ல் நின்றது. புனலூருக்கு வருகிறவர்கள் கல்லடா ஆற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது; மலை தாண்டி அங்கே வேலைக்குப் போவது எங்கள் பக்கம் சாதாரணம். என்னைக் கூட்டிப்போன புளியரை அண்ணாச்சியும் அப்படிப் போய் மிஷினில் நின்றவர். காவலாளியிடம் மலையாளத்தில் பேசி அனுமதி வாங்கியதும் அவர்தான்.

"தம்பி, கண்ட பக்கமெல்லாம் சுத்தாதீங்க. கூழு வந்த வழியாவே நடங்க" என்றார்.

மலைக்காட்டு ஈத்தலையும் (மூங்கில் மாதிரி மெல்லிய நாணல்) மூங்கிலையும் சில்லு சில்லாக நறுக்கி, காஸ்டிக் சோடாவோடு நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, நாரைப் பிரித்தெடுத்து, அலசி வெளுத்தால் கூழ். அந்தக் கூழ் மிஷினுக்கு வரும்போது 100 பங்கில் 99-க்கு மேல் தண்ணீர்தான். ஆலை ஏன் ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வலை ஓடிய இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். ஓடுகிற வலைமேல் கூழ் விழும், தண்ணீர் கீழே வடியும், நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். அப்புறம் ஈரத்தைப் பிழிகிற உருளைகள். அதற்கடுத்து, உள்ளே நீராவி பாய்ந்த பெரிய இரும்பு உருளைகள், துருப்பிடித்து வரிசையாக. "இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் சூடு. நடுவுல தாள் அறுந்துச்சுன்னா எல்லாரும் ஓடுவோம்" என்று அண்ணாச்சி கையை வீசிக் காட்டினார்.

கரையான் அரிக்காத ஒரு தாள் துண்டு மூலையில் கிடந்தது. நீளவாக்கில் கிழித்தேன், கோடு போட்டது போலப் போனது. குறுக்கே கிழித்தேன், கோணல்மாணலாகப் பிய்ந்தது. நார் போகிற பக்கம் புத்தகத்தின் முதுகோடு ஒத்துப் போகாவிட்டால் பசை காய்ந்ததும் பக்கங்கள் நெளியும், புத்தகம் படிந்து திறக்காது. பட்டறையில் தினமும் பையன்களுக்குச் சொல்கிற பாடம் இது. அதன் காரணம் அந்த வலையில் இருக்கிறது.

கூழ்த் தொட்டிகளுக்குள் மட்டும் இறங்க அண்ணாச்சி விடவில்லை. அது சரிதான். கூழ் அழுகிய குழியில் விஷவாயு தங்கும், ஆள் மயங்கி விழ ஒரு மூச்சு போதும். மூடின ஆலைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அனுமதி கிடைத்தாலும், அங்கே வேலை பார்த்த ஒருவர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

2015-ல் ஆலையை மறுபடி திறந்தார்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. பைண்டிங் கற்கிற பையன்களை ஓடுகிற மிஷின் முன்னால் ஒரு தடவையாவது நிறுத்த வேண்டும். நார் எந்தப் பக்கம் போகிறது என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.