மூக்கில் ஈயம், வயிற்றில் பிரேக்: நாட் கட்டும் கதை

பொம்மை விமானப் பெட்டியைத் திறந்ததும் வந்த முதல் சந்தேகம், பாதித் துண்டுகள் விடுபட்டுவிட்டனவோ என்பதுதான். 1/72 அளவில், அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, நாட் போர்விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். போன வருடம் இதே அளவில் செய்த சேபர், பாகிஸ்தான் ஓட்டிய அமெரிக்கப் போர்விமானம், அலமாரியில் இருக்கிறது. அது பதினாறுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தாய்க்கோழியும் குஞ்சும்தான்.

இந்தக் குட்டை உருவம் வேண்டுமென்றே செய்தது. போர்விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்து, விலையும் ஏறிக்கொண்டே போனது டெடி பெட்டருக்குப் பிடிக்கவில்லை. கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த அதே மனிதர், ஃபோலாண்ட் நிறுவனத்துக்கு வந்து எல்லாவற்றையும் சுருக்கினார். நாட் முதலில் பறந்தது 1955 ஜூலையில். பிரிட்டிஷ் விமானப்படை அதைப் பயிற்சி விமானமாக மட்டும் எடுத்துக்கொண்டது. சண்டைக்கு நம்பி வாங்கியது இந்தியா, பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலேயே கட்டவும் செய்தது.

சுருக்கியதன் விளைவு என் மேசைக்கும் வந்தது. மூக்கில் எடை வைக்காவிட்டால் பொம்மை வாலில் உட்கார்ந்துவிடும். ஆனால் மூக்கில் இடம் எங்கே? விமானி இருக்கையே முன்பாதியை அடைத்துக்கொள்கிறது. தூண்டில் ஈயக்குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, இருக்கைக்கு அடியிலும் முன்னாலும் திணித்தேன். ஒட்டி முடித்து நிறுத்தினேன். வாலில் உட்கார்ந்தது. மறுபடி பிரித்து இன்னும் இரண்டு குண்டு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சக்கரக் கால்கள். நாட் விமானத்துக்குத் தனியாக ஏர்பிரேக் கிடையாது. பறக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சக்கரங்களையே பாதி இறக்குவார்கள். காலோடு சேர்ந்த மூடிகள் காற்றைத் தடுக்கும். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை! கிட்டில் அந்த மூடிகள் பலகை மாதிரி தடியாக இருந்தன. உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கவே ஒரு ஞாயிறு போயிற்று.

அப்புறம் நிறம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரின் பச்சைத் தீற்றலா, 1965 போரின் வெள்ளியா? வெள்ளி என்றே முடிவு செய்தேன். பட்டி பார்த்த இடத்தில் ஒரு கீறல் இருந்தாலும் வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தும்தான். பளபளக்கும் கறுப்பை அடியில் பூசி, அதன்மேல் வெள்ளி. இடது இறக்கையில் மட்டும் என் கட்டைவிரல் ரேகை பதிந்து, அதைத் தேய்த்து மீண்டும் பூச வேண்டியதாயிற்று.

பதான்கோட்டின் 23-ஆவது ஸ்குவாட்ரன் (இந்திய விமானப்படைப் பிரிவு) விமானம்தான் என் இலக்கு. 1965 செப்டம்பர் 3 அன்று அந்தப் பிரிவின் விமானி டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக இந்தியா அறிவித்தது. அடிபட்டாலும் அது தரையிறங்கிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அதே நாளில் இன்னொரு இந்திய விமானி சிகந்த் ஓட்டிய நாட், எல்லைக்கு அப்பால் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது. இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், சக்கரக் குழியின் உட்புறம் தெரிய நான் பெரிதாக்கிப் பார்த்த படங்கள் அந்த விமானத்துடையவைதான்.

நாட் விமானத்துக்குக் கிடைத்த ‘சேபர் கொல்லி’ என்ற பட்டத்தை அப்படியே விழுங்கவும் வேண்டாம். காற்றுவாயின் இரு பக்கமும் இருந்த 30 மி.மீ. பீரங்கிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. எரிபொருளும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் சுழன்று அடிக்கும் சண்டையில் அது வேறு ஜாதி. 1971 நவம்பர் 22, கிழக்கு பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பொய்ராவில் நான்கு நாட் விமானங்கள் புகுந்து இரண்டு சேபர்களை வீழ்த்தின. குதித்துப் பிடிபட்டவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார்.

கண்ணாடிக் கூண்டைச் சூப்பர் க்ளூவில் ஒட்டியது என் முட்டாள்தனம். ஆவி படிந்து உள்ளே பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. கழற்றி, மெருகேற்றி, வெள்ளைப் பசையில் ஒட்டினேன். இப்போது பரவாயில்லை, விமானி தெரிகிறார்.

நேற்று ஒரு பக்கத்துக்கு மூவர்ண வட்டம் ஒட்டியாயிற்று: வெளியே காவி, நடுவில் பச்சை. மூக்குச் சக்கரம் இன்னும் தரையில்தான் இருக்கிறது.